மர்ஜானாவுக்குக் கேட்ட சத்தம்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. என் கார் நின்றுபோனதால் வந்தது. முப்பது வயதான மாருதி. உச்சிப்புளி ரயில்வே கேட் திறந்து எல்லா வண்டியும் நகர்ந்தபின் அது மட்டும் நின்றது. ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே இருந்தால் ஓடும். காலை எடுத்தால் உடம்பை உலுக்கி அணைந்துவிடும். பின்னால் நின்ற மீன் வண்டிக்காரர் இறங்கி வந்து ஓரமாகத் தள்ளிவிட்டார். "பெரியபட்டினத்துல ஹாஜா முகைதீன் பாய்ட்ட விடுங்க. பழைய வண்டின்னா அவருதான்" என்றார்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'உப்புக்காற்று எதையும் விட்டுவைப்பதில்லை, இரும்பை, ரப்பரை, மனிதர்களின்…'

(பாதியில் விட்டேன். அடுத்து என்ன சொல் போட்டிருந்தாலும் பெரிய மனுஷத்தனமாகத்தான் இருந்திருக்கும். வரியை அழிக்கவில்லை. நான் எப்படிப்பட்ட ஆள் என்று நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள்.)

2

ஹாஜா முகைதீனுக்கு ஐம்பத்திரண்டு வயது. சவூதியின் தம்மாமில் இருபத்தொரு வருடம் மெக்கானிக் வேலை. இரண்டு வருடம் முன்பு ஊர் திரும்பி, வீட்டை ஒட்டித் தகரம் போட்டு ஷெட் வைத்தார். முதல் பிரதியில் அவரை வாயாடியாக எழுதியிருந்தேன். மெக்கானிக் என்றால் வாயாடி என்று எனக்குள் எப்படியோ பதிந்துவிட்டது. நேரில் அவர் பாதிக் கேள்விகளுக்குப் பதிலே சொல்லவில்லை. கர்வம் என்று நினைத்துக்கொண்டேன்.

பானெட்டைத் தூக்கிப் பார்த்ததும் சொன்னார்: "ஹோஸ் பூரா வெடிச்சுக் கெடக்கு சார். எங்கிட்டோ காத்து இழுக்குது. எல்லாத்தையும் மாத்திருவோம்."

இந்த இடத்தில் கொஞ்சம் விளக்க வேண்டும். இஞ்சின் தனக்கு வேண்டிய காற்றை ஒரே வழியில், அளவாக இழுக்கும். அதோடு சேர்ந்த ரப்பர் குழாய் ஒன்றில் கீறல் விழுந்தால் அந்த வழியாகவும் காற்று நுழைந்துவிடும். பெட்ரோலுக்கும் காற்றுக்கும் கணக்கு ஒத்துப்போகாது. வண்டி நடுங்கும். (இதற்கு மேல் எனக்கே தெரியாது.)

இரண்டு நாளில் எல்லா ஹோஸையும் மாற்றினார். ரேடியேட்டருக்குப் போகிற பெரிய குழாய்களைக்கூட விடவில்லை. மூன்றாம் நாள் சாவியைத் திருப்பினோம். வண்டி முன்போலவே நடுங்கியது.

ஸ்பானரைத் துடைத்துப் பெட்டியில் போட்டார். "வேற எடத்துல காட்டுங்க சார். நான் ஷெட்ட மூடிரலாம்னு இருக்கேன்."

"எதுக்கு பாய்?"

பதில் இல்லை. நான் முன்னால் வந்து நின்று மறுபடி கேட்டேன்.

"இது மூணாவது வண்டி. எங்கன பழுதுன்னு புடிபட மாட்டேங்குது. தெரிஞ்ச தொழிலே கைய விட்டுப் போச்சுன்னா ஒக்காந்து என்ன செய்ய?"

3

அவர் மனைவி மர்ஜானா டீ கொண்டுவந்தாள். ஆக்சிலேட்டர் கம்பியை அவர் இழுத்துக் கட்டியிருந்ததால் இஞ்சின் நடுங்கியபடி ஓடிக்கொண்டிருந்தது. டம்ளரை எனக்கு நீட்டியவள் அப்படியே நின்றாள்.

"ஏதோ சீறுதே மச்சான்."

அவர் திரும்பவில்லை. அவள் அருகே போய்த் தோளைத் தொட்டாள்.

"உள்ள சீறுது."

"எங்கன?"

"பின்னுக்க. அந்தச் சொவரு மாதிரி இருக்குல்ல, அங்கிட்டு."

"எனக்கு ஒண்ணும்…"

(இது நான் பாதியில் விட்ட வாக்கியம் இல்லை. அவர் விட்டது.)

மர்ஜானா அவர் வலது பக்கமாக வந்து நின்றாள். "எனக்குத் தெரியும் மச்சான். ஒரு வருஷமாத் தெரியும். இந்தப் பக்கமா வந்துதான ஒங்ககிட்டப் பேசுறேன்."

"ஏன் சொல்லல?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

இந்த இடத்தில் ஒரு பத்தி முழுக்கக் கண்ணீர் எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். யாரும் அழவில்லை. ஹாஜா முகைதீன் மிச்சம் கிடந்த ஹோஸ் துண்டு ஒன்றை எடுத்து, ஒரு முனையைச் சட்டையில் துடைத்து, அவளிடம் கொடுத்தார்.

"இதக் காதுல வச்சுக்க. மறு முனைய நான் நகத்துறேன். சத்தம் கூடுனா கையத் தூக்கு."

அவள் முக்காட்டைச் சற்று விலக்கிக் குழாயைக் காதில் வைத்துக்கொண்டாள். அவர் மறு முனையை ஒவ்வொரு இணைப்பாகக் கொண்டுபோனார். கார்புரேட்டர் அடியில் வைத்தார், இல்லை என்று தலையாட்டினாள். பிரேக்குக்குப் போகிற குழாய், இல்லை. இன்னும் பின்னால், கண் போகாத இடத்துக்கு நகர்த்தினார். கையைத் தூக்கினாள்.

அவர் விரல்களை உள்ளே விட்டுத் தடவினார். குழாய் எதுவும் மாட்டாமல் விட்ட ஒரு சின்ன உலோக மூக்கை அடைத்திருந்த ரப்பர் மூடி அங்கே இருந்தது. நகத்தளவு. அடிப்பக்கம் பிளந்திருந்தது. அது ஹோஸ் இல்லை என்பதால் மாற்றும்போது தப்பியிருக்கிறது. விரல் நுனியால் அதைப் பொத்தினார்.

"சத்தம் நின்னுருச்சு" என்றாள் மர்ஜானா.

அவருடைய இன்னொரு கை மட்கார்டு மேல் விரிந்து கிடந்தது. "நடுக்கமும் நின்னுருச்சு" என்றார்.

4

இதை எழுதப்போகிறேன் என்றேன். யோசித்துவிட்டு, "பேர மாத்திருங்க, ஊரையும்" என்றார். (மாற்றிவிட்டேன். பெரியபட்டினத்தில் போய்த் தேடாதீர்கள்.) பிறகு இன்னொன்றும் சொன்னார்: "இவ கேட்டத எழுதுங்க சார். நான் கேக்காதத எழுதாதீங்க."

"ஒண்ண விட்டுட்டு இன்னொண்ண எப்படி மச்சான் எழுதுவாரு?" என்றாள் அவள்.

முயன்று பார்த்தேன். ஒரு பிரதியில் அவர் வேறு வேலையாக இருந்தார், அவள் கண்டுபிடித்தாள். அதில் அவர் மண்டூகமாகிப் போனார். இன்னொன்றில் சீறலை நானே கேட்டேன். என் ஐம்பத்தெட்டு வயதுக் காதுக்கு அது ரொம்ப அதிகம். கடைசியில் நடந்ததை நடந்தபடி எழுதி, அவருடைய வலது பக்கம் உட்கார்ந்து சத்தமாகப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டார்.

"கையத் தூக்குனப்ப இவ சிரிச்சா. அத விட்டுட்டீங்க" என்றார்.

நான் கவனிக்கவில்லை. இங்கே சேர்க்கிறேன்: கையைத் தூக்கியபோது மர்ஜானா சிரித்தாள்.

5

படித்துக் காட்டிவிட்டு நான் கிளம்பும்போது மர்ஜானா சொன்னாள்: "அண்ணே, வியாழக்கெழம ராமநாதபுரத்துல காது டாக்டர்ட்டப் பேர் கொடுத்துருக்கேன். ஒங்க வண்டியிலயே கூட்டிட்டுப் போயிருங்க." அவர் கை துடைக்கும் துணியைத் தேடப் போய்விட்டார்.

இரண்டு முடிவுகள் வைத்திருக்கிறேன். ஒன்றில் அவர் வருகிறார், காதில் கருவி மாட்டிக்கொள்கிறார், ஷெட் நடக்கிறது. மற்றதில் வரவில்லை, அவள் கேட்க, அவர் தொட்டுப் பார்க்க, இருவருமாகவே வண்டிகளைச் சரிசெய்கிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் பிடித்தது. மர்ஜானாவிடம் சொன்னேன். "நல்லாத்தான் இருக்கு. அப்ப வீட்டு வேலைய யாரு பாக்குறது?" என்றாள்.

அதனால் எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். வியாழன், காலை ஒன்பது மணி. கார் அவர்கள் வாசலில் நிற்கிறது. புது மூடி போட்ட இஞ்சின் சீராக ஓடுகிறது. மர்ஜானா பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். ஹாஜா முகைதீன் தேய்த்த வெள்ளைச் சட்டையில் வெளியே வந்தார். நேராக முன்பக்கம் போய் பானெட்டைத் தூக்கினார். அங்கே பழுது எதுவும் இல்லை. ஆனாலும் நிற்கிறார்.

நான் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கிறேன். தூக்கிய பானெட் மறைப்பதால் எனக்கு அவர் முகம் தெரியவில்லை. நீங்கள் வெளியே நிற்கிறீர்கள். உங்களுக்குத் தெரியலாம்.