நிழலன் கையில் கொடுத்தது

“எல்லாரையும் காப்பாத்துத ஆளு, ஒரு நாளு வர முடியலன்னா யார அனுப்புவாரு யப்பா?”

முத்துச்செல்வி இதைக் கேட்டபோது அவளுக்கு ஏழு வயது. ‘நிழலன்’ முதல் பாகம் பார்த்துவிட்டு உப்பளத்துச் சாலையில் வந்துகொண்டிருந்தார்கள். பைக்கின் டேங்க் மேல் அவள், பின்னால் செண்பகம். படத்தில் நிழலன் பாலத்திலிருந்து விழுந்த பேருந்தை ஒற்றைக் கையில் தாங்கியிருந்தான். “அவரு வராம இருக்க மாட்டாருளா” என்றான் செந்தூர்வேல். பின்னாலிருந்து செண்பகம் சிரித்தாள். அந்தச் சிரிப்பின் சூடு முதுகில் பட்டது அவனுக்கு இன்னும் நினைவிருக்கிறது.

மறு வருடம் செண்பகம் காய்ச்சலில் படுத்து எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று குலசை முத்தாரம்மனுக்கு அவன் வேண்டாத வேண்டுதல் இல்லை. அதுவரை ஒவ்வொரு தசராவுக்கும் விரதம் இருந்து காப்புக் கட்டி, வேஷம் போட்டு, வீடு வீடாகக் காணிக்கை வாங்கி அவள் உண்டியலில் சேர்த்தவன். அதன்பிறகு குலசைப் பக்கமே போகவில்லை. யாராவது அம்மனைப் பற்றிக் கேட்டால், “அவளுக்கும் எனக்கும் பேச்சுவார்த்த இல்ல” என்பான், ஏதோ சொந்தக்காரியைச் சொல்வதுபோல.

இந்த வருடம் ‘நிழலன்’ இரண்டாம் பாகம் ஆயுத பூஜை விடுமுறைக்கு வந்தது. தூத்துக்குடியில் தியேட்டருக்கு ஃபிளக்ஸ் கட்டப் போனவனை மேனேஜர் ஆவுடையப்பன் ஏற இறங்கப் பார்த்தார். சென்னையிலிருந்து பார்சலில் நிழலன் உடுப்பு வந்திருந்தது. முழங்கால் வரை கறுப்பு ரெக்சின் கோட்டு, முகமூடி, கையுறை, தோளில் காய்ந்த ரத்தம்போல் பெயின்ட்.

“ஒன் ஒசரத்துக்கு அளவெடுத்துத் தச்ச மாதிரில்லா இருக்கு. வாசல்ல நில்லு, செல்ஃபி எடுக்க வாரவங்களோட நில்லு. ஒண்ணே ஒண்ணுலே, வாயத் தொறக்கப்படாது. நிழலன் பேச மாட்டான். நீ என்னலேன்னு ஆரம்பிச்சன்னா படம் படுத்துரும்.”

வெயில் ரெக்சினுக்குள் புகுந்துகொண்டு வெளியே வர மறுத்தது. பையன்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு படம் எடுத்தார்கள். “அண்ணாச்சி, ஒரு தடவ பறந்து காட்டுங்க” என்றான் ஒருவன். “ரீசார்ஜ் போடலலே அவருக்கு” என்றான் இன்னொருவன். செந்தூர்வேல் நின்றான். நிற்பதுதான் வேலை.

அப்போதுதான் அந்தப் பெண் வந்தாள். உப்பளத்தில் வேலை செய்கிற பாதங்கள், ஓரங்கள் வெடித்து வெளுத்திருந்தன. கையில் ஒரு சிறுவன், இடது கண்ணில் பஞ்சுக் கட்டு. அவள் போஸ்டரைப் பார்க்கவில்லை. தசரா மாதத்தில் இந்தச் சீமையில் தெருவுக்குத் தெரு காளியும் குறத்தியும் கரடியும் போலீசும் வருவார்கள். வேஷம் கட்டியவரைச் சாமி என்றுதான் சொல்வார்கள். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு அவன் முன்னால் வந்து கும்பிட்டாள்.

“கருப்பசாமி வேசமா சாமி? நாளைக்கு எம் மவனுக்குத் திருநவேலில கண் ஆபரேஷன். ஆபரேஷனுக்கு முன்ன குலசை ஆத்தா உண்டியல்ல போடுதேன்னு நேந்திருந்தேன். போவ முடியல சாமி. எனக்கு வேற யாருமில்ல. நீங்க போட்டுருங்க.”

மஞ்சள் துணியில் முடிந்த வெள்ளிக் கண்மலரை, சின்னஞ்சிறிய இரண்டு கண்களை, அவன் கையுறையில் வைத்தாள். தான் சாமி இல்லை, சினிமாவுக்கு நிற்கிறவன், காலையில் சாளை மீன் குழம்பு தின்ற வாய் என்று சொல்ல நினைத்தான். ஆவுடையப்பன் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவள் திருநீற்றுக்காகத் தலை குனிந்து காத்திருந்தாள். அவனிடம் திருநீறு ஏது? கையுறையோடு சிறுவனின் தலையில் கை வைத்தான். சிறுவன் நல்ல கண்ணால் நிமிர்ந்து பார்த்தான். அதற்குள் பழைய பஸ் ஸ்டாண்டு பஸ் வர, அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாள்.

முகமூடியைக் கழற்றிக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

சற்று நேரத்தில் மேளத்தோடு வேஷக்காரர்களின் தசரா செட்டு ஒன்று அந்த வழியாக வந்தது. காளி வேஷம் கட்டிய இளைஞன் டீக்கடை நிழலில் கிரீடத்தை இறக்கி வைத்தான். செந்தூர்வேல் ஓரமாகப் போய் விஷயத்தைச் சொல்லி முடிச்சை நீட்டினான்.

காளி பொய் நாக்கை வெளியே எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சொன்னான்: “தப்பா நெனைக்காதீய அண்ணாச்சி. அந்தம்மா உங்க கையிலல்லா குடுத்துருக்கு. வாங்குன கைதான் போடணும். உங்களுக்குத் தெரியாததா?”

தெரியும். தெரிந்ததால்தான் உடம்பு அவ்வளவு கனத்தது.

மதியக் காட்சிக்கு முத்துச்செல்வி வந்தாள். இப்போது எட்டாவது படிக்கிறாள், கேள்வி கேட்பதையே விட்டுவிட்டவள். கடைசி வரிசையில் இருவரையும் ஆவுடையப்பன் உட்கார வைத்தார். செந்தூர்வேல் முகமூடியை மடியில் வைத்துக்கொண்டான்.

முதல் பாகத்தில் பறந்த அதே நடிகர்தான். ஆனால் இதில் படியேறும்போது கைப்பிடியைப் பிடித்தார். உட்காரும்போது முதலில் ஒரு காலை நீட்டி, முழங்காலைக் கையால் மடக்கி, பிறகுதான் உடம்பை இறக்கினார். நாள் முழுக்க நிற்கிறவனுக்கு அது தெரியும். நடிப்பாகவே தெரியவில்லை. வில்லனாக வந்தவர் ஒரு இடத்தில்கூடக் கத்தவில்லை, ஆபீசில் கையெழுத்துப் போடுவதுபோல் ஊரை அழித்தார். “ஏலே, சண்டையப் போடுங்கலே” என்று முன் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

இடைவேளைக்குப் பிறகு ஒரு தொழிற்சாலை எரிகிறது. நிழலன் பிந்தி வருகிறான். எல்லாம் முடிந்துவிட்டது. வாசலில் ஒரு தாய் உட்கார்ந்திருக்கிறாள். அந்த வேஷத்தில் நடித்த அம்மா அழவில்லை, திட்டவில்லை. கரி படிந்த அவன் முகமூடியைப் பார்க்கிறாள். எழுந்து போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டுகிறாள். முகமூடியோடு குடிக்க முடியாது. படம் முழுக்க யாரும் காணாத முகத்தை அவன் அவள் முன்னால்தான் திறக்கிறான். அந்த நடிகரின் முகத்தில் அப்போது வீரம் ஒன்றுமில்லை. வர முடியாமல் போனவனின் முகம். அதுவரை விசிலடித்தவர்கள் செருமிக்கொண்டார்கள்.

செந்தூர்வேல் இருட்டில் மஞ்சள் முடிச்சைத் தடவிப் பார்த்தான். ஆறு வருடமாகத் தான் பேசாமல் இருக்கும் அம்மனுக்கும் இப்படி ஒரு முகம் இருக்குமோ என்று அவனுக்கு முதல் தடவையாகத் தோன்றியது.

வெளியே வந்ததும் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னான். பிறகு, “சின்னதுல ஒண்ணு கேட்டியே, அவரு வரலன்னா யார அனுப்புவாருன்னு. நெனவிருக்கா?” என்றான்.

அவள் தன் சடையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“அம்மா செத்த அன்னைக்கு காலைல ஆஸ்பத்திரியில கூட்டுத ஒரு அக்கா எனக்குத் தல பின்னி விட்டாவ யப்பா. ரெட்டச் சட. ரிப்பன் இல்லன்னு அவிய சடையில இருந்ததக் கழத்திக் கட்டுனாவ. நீ அங்கன செவத்துல சாஞ்சு நின்ன. ஒனக்குத் தெரியாது.”

அவனுக்குத் தெரியாது. அன்று மகளின் தலை பின்னியிருந்ததைப் பார்த்த ஞாபகம் மட்டும் மங்கலாக வந்தது. யார் பின்னியது என்று இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

உடுப்பைக் கழற்றி ஆவுடையப்பனிடம் கொடுத்தான். “நாளைக்குக் காலைல வர முடியாது அண்ணாச்சி.”

“ஆயுத பூஜலே! கூட்டம் வாரதே நாளைக்குத்தான். நீ வரலன்னா டிக்கெட் கிழிக்குத அய்யாக்குட்டிக்கு மாட்டி விட்டுருவேன், பெறவு என்கிட்ட வந்து நிக்கப்படாது.”

“மாட்டி விடுங்க. அவனுக்குக் கோட்டு தரையில இழுக்கும், பாத்துக்கிடுங்க.”

விடிய இன்னும் வெகு நேரம் இருக்கும்போதே தலைக்கு ஊற்றிக்கொண்டு திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறினான். அங்கிருந்து குலசைக்கு நின்றுகொண்டே போனான். கோயிலைச் சுற்றி ஊரெல்லாம் வேஷம். காளிகள், அனுமார்கள், எமன்கள். அவன் மட்டும் வெளுத்த சட்டையில் வெறும் ஆளாக வரிசையில் நின்றான். யாரும் அவனைச் சாமி என்று கும்பிடவில்லை, ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சன்னதிக்கு நேரே வந்து நின்றான். பேசி ஆறு வருடமாயிற்று. அம்மனின் கண்களும் வெள்ளியில்தான் இருந்தன. ஒன்பது நாளாக இத்தனை பேரின் முகத்தைப் பார்த்துப் பார்த்து அவை தூக்கம் இல்லாத கண்களாக அவனுக்குத் தெரிந்தன. “முடிஞ்சா போ தாயி” என்றான் மெல்ல. “முடியலன்னா, அந்தப் புள்ளகிட்ட யாரையாவது அனுப்பு.”

பின்னாலிருந்து கூட்டம் தள்ளியது. உண்டியலின் வாயில் கையை நுழைத்தான். முடிச்சு விரலைவிட்டு நழுவியது. கையை வெளியே எடுத்தபோது உள்ளங்கையில் மஞ்சள் ஒட்டியிருந்தது. திருநெல்வேலிப் பக்கமும் வானம் வெளுக்கத் தொடங்கியிருந்தது. எச்சில் தொட்டு அழிக்கப் போனவன், நிறுத்தி, விரல்களை மூடிக்கொண்டு பஸ்ஸைப் பார்த்து நடந்தான்.