மூக்கர் மெச்சிய ரோஜா

அடுப்பு பழுது பார்க்கும் அந்த மனிதரை வட்டாரத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மூக்கர் என்றால்தான் தெரியும். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "குழாய்ல இல்ல, திருகுலதான் கேஸ் கசியுது" என்று சொல்லிவிடுவார். சொன்னால் சொன்னதுதான். மனைவியின் தம்பியோடு கூட்டாகக் கடை வைத்திருந்தார். மனைவி வீட்டிலேயே பள்ளிச் சீருடைகள் தைத்தாள். மெஷினை விட்டு எழுந்தால் அவளுக்குக் கொல்லையில் இருக்கும் ரோஜாச் செடிகள்தான் உலகம்.

நீளக் காம்பில் ஒற்றைப் பூவாக விரிகிற ஹைப்ரிட் டீ என்கிற ரக ரோஜாக்கள். அவற்றில் பார்க்க அழகாக இருந்து துளியும் மணக்காதவை நிறைய உண்டு. அவற்றை அவள் சேர்ப்பதில்லை. "அதுக்குப் பிளாஸ்டிக் பூ வாங்கி வச்சுட்டுப் போயிடலாம்" என்பாள்.

அந்த வருஷம் நர்சரியில் அடர்சிவப்பில் ஒன்று கொடுத்தார்கள். தெருவே மணக்கும் என்று அடித்துச் சொன்னார்கள். அவளும் நம்பி, ஒட்டுக்கட்டிய முடிச்சு மண்ணில் புதையாமல் நட்டாள். முடிச்சுக்குக் கீழே முளைத்த காட்டுக் கிளையை அவ்வப்போது பிய்த்தெறிந்தாள். செடிக்குத் தெம்பு வரட்டும் என்று முதலில் வந்த மொட்டுகளைக்கூட மனசைக் கல்லாக்கிக்கொண்டு கிள்ளிப் போட்டாள். கடைசியில் பூத்தது. குனிந்து முகர்ந்தாள். ஒன்றுமில்லை. பனி காயட்டும் என்று விட்டுவிட்டு, வெயில் ஏறியதும் வந்து பார்த்தாள். அப்போதும் வெறும் இலை வாசம்தான்.

நர்சரிக்காரனை என்ன கேட்கலாம் என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோது, கடைக்குக் கிளம்பிய மூக்கர் கொல்லைப் பக்கம் வந்தார். பூவை மூக்கருகே இழுத்து, கண்ணை மூடி, நீளமாக மூச்சிழுத்தார்.

"அடேயப்பா, என்னா வாசம். ஆளையே தூக்குதே."

 தன் மனசு நோகக்கூடாது என்று சொல்கிறார் போல என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். ஆனால் மணக்காத பூவை மணக்காது என்று சொல்லத் தயங்குகிறவர் இல்லை அவர். வாசம் தெரியாமலே, ரோஜா என்றால் மணக்கும் என்று நினைத்துச் சொல்கிறார். சில நாள் முன்பு அடுப்பில் பால் தீய்ந்து வீடு முழுக்கப் புகைந்தபோது, பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் இவர்தானே. 

மத்தியானம் சாப்பிட வந்தவரின் தட்டுக்குப் பக்கத்தில், மெஷின் துடைக்கிற மண்ணெண்ணெய்த் துணியை வைத்தாள். அவர் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"என்னங்க, அந்தத் துணி நாறலையா?"

மூக்கர் துணியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"எப்பலருந்து?" என்று கேட்டாள்.

"போன மாசம் படுத்தேனே, அந்தக் காய்ச்சலோட போச்சு. வந்துரும் வந்துரும்னு பாத்தேன்."

"அப்ப வீடு வீடா எப்படிப் போறீங்க?"

"சோப்பு நுரை தடவிப் பாக்குறேன். கசிஞ்சா குமிழி வரும்."

"தடவின இடத்துல வரும். தடவாத இடத்துல?"

 அவர் தட்டைப் பார்த்தபடி சொன்னார்: "போன வாரம் ஒரு வீட்ல அடுப்பைப் பத்த வைக்கப் போனேன். அந்தம்மா ஓடி வந்து, என்னங்க இப்படி நாறுதுன்னு ஜன்னலைத் திறந்துச்சு. எங் கையில லைட்டர் இருந்துச்சு."

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் கத்தவில்லை. "இதை ஏன் சொல்லல?" என்று மட்டும் கேட்டாள்.

"மூக்கருக்கு மூக்கு போச்சுன்னா ஊரு சிரிக்காதா?"

"வீடு வெடிச்சா ஊரு அழும். கையைக் கழுவிட்டுக் கிளம்புங்க, தம்பிகிட்டப் போலாம்."

தம்பி முதலில் விளையாட்டுக்குச் சொல்கிறார்கள் என்று சிரித்தான். விஷயம் புரிந்ததும் ஸ்பானரை மேஜையில் போட்டான். "எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன மாமா? ரெண்டு பேரும்தானே கடை வச்சிருக்கோம்?" அன்றிலிருந்து வீடுகளுக்கு அவன் போனான், மூக்கர் கடையில் உட்கார்ந்து அடுப்புகளைப் பிரித்துப் பூட்டினார். மூக்கர் வரலையா என்று கேட்டவர்களுக்கு அவரே பதில் சொன்னார்: "மூக்கு லீவுல இருக்குங்க." யாரும் சிரிக்கவில்லை. தன் மாமியாருக்கும் இப்படித்தான் ஆச்சு என்று ஒரு அம்மா டாக்டரின் விலாசம் கொடுத்துவிட்டுப் போனாள்.

டாக்டர் மருந்து எழுதவில்லை. நல்ல வாசமுள்ள பொருளாகத் தினமும், அதன் மணத்தை மனசில் நினைத்தபடி முகரச் சொன்னார். வந்தால் வரும், உறுதி இல்லை என்றார். அவள் காலையில் பாதி விரிந்த பூவாகப் பார்த்து நறுக்கி நீட்டுவாள். அவர் முகர்வார். "ஒண்ணுமில்லம்மா." மறுநாளும் அதே. மழை வந்து போனது. அவள் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்த செடிகள் மறுபடி துளிர்த்து, மறுபடி மொட்டு விட்டன. அப்போதும் ஒன்றுமில்லை. சில நாள் கடுப்பில் பூவை வாங்காமலே போவார். அவள் கூப்பிட மாட்டாள். மறுநாள் மறுபடி நீட்டுவாள்.

ஒரு காலையில் மஞ்சள் ரோஜாவை முகர்ந்தவர் வெடுக்கென்று தலையை இழுத்தார்.

"சீ, என்ன இது. ரப்பர் கருகின நாத்தம்."

அவள் பூவை வாங்கி முகர்ந்தாள். எலுமிச்சைத் தோல் போல நல்ல மணம். கத்தரிக்கோலை அப்படியே கீழே போட்டுவிட்டு, வெளிர்சிவப்புச் செடிக்கு அவரை இழுத்துக்கொண்டு போனாள்.

"இது?"

"அழுகின வெங்காயம்."

"இது?"

"கிட்டக் கொண்டு வராத, குமட்டுது."

அன்று கடைக்குப் போக நேரமானது. ஒவ்வொரு பூவாக முகர்ந்து அவர் திட்ட, அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "திட்டுங்க, நல்லாத் திட்டுங்க" என்று சிரித்தாள். மூக்கு நரம்பு திரும்பும்போது இப்படித்தான் தாறுமாறாகத் தொடங்கும், நல்ல அறிகுறி என்று சாயங்காலம் போய்க் கேட்டபோது டாக்டர் சொன்னார்.