பரிசோதித்தவர் பெயர்

தங்கைக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருளைக் காதில் கேட்டபடி, புதிய செயலிகள் பார்வையற்றவர்களுக்கு ஒத்துவருமா என்று சோதித்துச் சொல்வதுதான் அவள் தொழில். ஒரு ஆஸ்பத்திரிக்காக அக்காவின் கம்பெனி செய்த முன்பதிவுச் செயலியை மூன்று வாரம் குடைந்தெடுத்தாள். பத்தொன்பது குறைகள் சிக்கின. அதில் ஒன்று கொலைபாதகம். தேதியை உறுதி செய்யும் பட்டனும் ரத்து செய்யும் பட்டனும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. எதைத் தொட்டாலும் குரல் வெறுமனே "பட்டன்" என்றது.

"இதை மட்டுமாவது சரி பண்ணாம வெளியே விட்டுடாதேக்கா."

"உன் பேச்சை மீறுவேனாடி?" என்று அக்கா அவள் கன்னத்தைக் கிள்ளினாள்.

இரண்டு மாதம் கழித்துப் பள்ளித் தோழன் போன் செய்தான். அவனுக்கும் பார்வை இல்லை; டெலிபோன் ஆபரேட்டர்.

"அந்த ஆஸ்பத்திரிச் செயலியில பரிசோதித்தவர்னு உன் பேரு, கீழே 'முழுத் திருப்தி'ன்னு இருந்துச்சு. கண்ணை மூடிட்டு நம்பினேன்" என்றவன், தன் பேச்சுக்குத் தானே சிரித்தான். சிரிப்பு சட்டென்று நின்றது. "என் ஆபரேஷன் தேதியை உறுதி பண்ணப் போய் ரத்து பண்ணிட்டேன். இனிமே அடுத்த மாசம்தானாம்."

தங்கை செயலியைத் திறந்து பார்த்தாள். ஒரு குறைகூடத் திருத்தப்படவில்லை. அவள் பெயர் மட்டும் பிசகில்லாமல் இருந்தது.

நேரே கம்பெனியில் அக்காவின் அறைக்குப் போனாள்.

"நான் எழுதின அறிக்கை எங்கேக்கா?"

"அனுப்பலை. அடுத்த வெர்ஷன்ல சரி பண்ணிக்கலாம்னு இருந்தேன். உன் பேரு இருந்தாத்தான் ஆஸ்பத்திரிக்காரங்க ஒத்துக்குவாங்கடி. யாரோ எவரோ ஒருத்தர் பேரையா போட்டேன்? என் சொந்தத் தங்கச்சி பேருதானே!"

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"



சின்ன வயதில் பாடப் புத்தகங்களை எல்லாம் அவளுக்கு வாசித்துக் காட்டியவள் இந்த அக்காதான். அப்போது எத்தனை வரிகளைத் தாண்டிப் போயிருப்பாளோ என்று முதல் முறையாகத் தோன்றியது.

அங்கேயே உட்கார்ந்து, அறிக்கையை ஆஸ்பத்திரி நிர்வாகிக்கு அனுப்பினாள். "வேண்டாம்டி, கம்பெனி மானமே போயிடும்" என்று அக்கா கையைப் பிடித்தாள். தங்கை கையை விடுவித்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் செயலி நிறுத்தப்பட்டது. தோழனுக்கு நிர்வாகியே போன் செய்து, அந்த வாரத்திலேயே வேறு தேதி கொடுத்தார்.

"கூடப் பொறந்தவதானே, விட்டுக்கொடுக்கக் கூடாதா?" என்றாள் அம்மா.

"வேற எதைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேம்மா."

அடுத்த வாரம் அக்கா வீட்டுக்கு வந்தபோது, தங்கை அறைக் கதவைத் திறக்கவில்லை.