போர்வைக்குப் பின்னால் இரண்டு கிட்டார்

1

வெட்கத்தில்தான் இந்தக் கதையை எழுத ஆரம்பித்தேன். பக்கத்து அறையில் ஆறு வருடம் கேட்ட கிட்டாரை, மறைத்து வைத்து வாசித்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. அது என் தங்கையின் கிட்டார். [எச்சரிக்கை: எழுதுகிறவள் கதாநாயகியின் அக்கா. பெருமையில் எங்காவது கூட்டிச் சொல்லியிருந்தால் குறைத்துக்கொண்டு படியுங்கள்.]

முதலில் எழுதிய தொடக்கம் இது: ‘மழை தூறிக்கொண்டிருந்த அந்த மாலையில் ஹெலினாவின் மெல்லிய விரல்கள்...’

மழை இல்லை. பட்டாபிராமில் மண்டையைப் பிளக்கும் வெயில். விரல்களும் மெல்லியவை அல்ல.

2

என் தங்கை ஹெலினா அம்பத்தூர் எஸ்டேட்டில் பற்சக்கரம் செய்யும் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதகர். நூறில் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் பாகத்தைத் திருப்பி அனுப்பிவிடுவாள். அவளுடைய எலக்ட்ரிக் கிட்டார் யாரோ வாசித்துவிட்டு விற்றது, எட்டாயிரம்.

எங்கள் இசைக்குழுவில் நான்கு பேர். நான் பாடுவேன். டிரம்ஸ் தேவா. அவன் வீட்டு மாடியில்தான் ஞாயிறுதோறும் ஒத்திகை. நான்காவது ஆள் அபிஷேக், கோயம்புத்தூரிலிருந்து ஐ.டி. வேலைக்கு வந்தவர், திருநின்றவூரில் வாடகைக்கு இருக்கிறார். அவருடைய கிட்டார் இரண்டு லட்சத்துக்கு மேல்.

எங்கள் முதல் பாட்டைப் பதிவு செய்ய நாள் குறித்தாயிற்று. பாட்டின் நடுவில் கிட்டார் மட்டும் தனியாக ஒலிக்கும் இடம் ஒன்று உண்டு. அந்த மெட்டு ஹெலினா போட்டது. அதை அவள் வாசித்துக் காட்டி முடித்ததும் தேவா சொன்னான்:

“ட்யூன் உன்துதான், இல்லன்னு சொல்லல. ஆனா ரெக்கார்டிங்ல அபிஷேக் வாசிக்கட்டும். உன் கிட்டார் சத்தமே சீப்பா கீது.”

ஹெலினா கேபிளைச் சுருட்டினாள். தேவா சொன்னது சரி என்றுதான் எனக்கும் பட்டது. [இந்த வரியை மூன்று முறை அடித்தேன். மூன்று முறையும் திரும்ப எழுதினேன்.]

3

இந்த இடத்தில் எனக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டான். முதல் பிரதியில் அபிஷேக்கை அப்படித்தான் செய்து வைத்தேன். ‘அபிஷேக் ஏளனமாகச் சிரித்து, தன் பளபளக்கும்...’

அந்த மனிதர் சிரிக்கவே இல்லை. “என் கிட்டாரையே அவங்க வாசிக்கட்டுமுங்க,” என்றார்.

“அது வேணாம்,” என்றாள் ஹெலினா. “என் ட்யூனை இன்னொருத்தர் கிட்டார்ல ஓசி வாங்கி வாசிக்க மாட்டேன்.”

அபிஷேக் தேவாவின் பக்கம் திரும்பினார். “நாம கண்ணுல பார்த்துட்டுத்தானுங்க சத்தத்தைச் சொல்றோம். மறைச்சு வெச்சுக் கேட்டுப் பார்த்தா என்னங்க?”

வில்லன் இப்படிக் கையை விட்டுப் போனான்.

4

கொடிக்கயிற்றில் ஒரு போர்வையைத் தொங்கவிட்டோம். அதன் பின்னால் இரண்டு கிட்டாரோடும் ஹெலினா. ஒரே ஆம்ப்ளிஃபயர், ஒரே மெட்டு, ஆறு முறை. எந்த முறை எந்தக் கிட்டார் என்பது அவளுக்கு மட்டும் தெரியும். நாங்கள் மூவரும் ஆளுக்கொரு சீட்டில் எழுதினோம்.

தேவாவுக்கு மூன்று சரி. அபிஷேக்குக்கும் மூன்று. பூவா தலையா போட்டிருந்தாலும் அவ்வளவு வந்திருக்கும். எனக்கு இரண்டு. கடைசி முறை கேட்டதும் ‘இதுதான் இரண்டு லட்சம்’ என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். அது எட்டாயிரம்.

அபிஷேக் தன் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “என்னோடதை எனக்கே தெரியலீங்க.”

தேவா தலையைச் சொறிந்தான். “அப்ப ரெண்டும் ஒண்ணுதான் மச்சான். நான் சொன்னது தப்பு ஹெலினா. நீயே வாசி.”

கதையை இங்கேயே முடித்திருக்கலாம். அவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால்.

5

போர்வையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். “ரெண்டும் ஒண்ணு இல்ல. அவரோடது நல்ல கிட்டார்.”

“இன்னாடி சொல்ற?” என்றேன்.

“உங்க காதுக்கு ஒண்ணு. என் கைக்கு இல்லக்கா. நடுநடுவுல சத்தம் நின்னுச்சே, அப்ப இன்னா பண்ணிகினு இருந்தேன்? என்துக்கு நாலு வாட்டி சுதி சேர்த்தேன். அவரோடதுக்கு ஒரு வாட்டி கூட இல்ல. என்துல கம்பி உயரமா கீது, அழுத்தி அழுத்தி விரல் போவுது.”

[ஜெயித்த பிறகு எதிராளியின் பக்கம் சாட்சி சொல்கிற ஒருத்தியைக் கதையில் வைத்தால் யாரும் நம்ப மாட்டார்கள் என்று பயந்தேன். என்ன செய்ய, என் தங்கை அப்படித்தான்.]

“சரி பண்ண முடியுங்களா?” என்று கேட்டார் அபிஷேக்.

“அளந்தா தெரியும்.”

6

அடுத்த இரண்டு ஞாயிறும் அவள் கிட்டார் எங்கள் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. கழுத்தில் வரிசையாகப் பதித்த உலோகப் பட்டைகளான ஃப்ரெட்டுகள் ஒவ்வொன்றின் உயரத்தையும் அளந்து குறித்தாள். மெல்லிய அரத்தால் தேய்த்தாள். கம்பிகள் உட்காரும் பள்ளங்களைச் சீவினாள். இட்லியைக் கையில் வைத்துக்கொண்டு தின்றோம்.

முடித்துவிட்டு, ஒப்பிட்டுப் பார்க்க அபிஷேக்கின் கிட்டாரையும் வாங்கி அளந்தாள்.

“தப்பா நினைக்காதீங்க. உங்கள்துலயும் பதினாலாவது ஃப்ரெட் தூக்கிகினு கீது.”

இரண்டு லட்சத்தில் அரம் வைப்பதா? நானாக இருந்தால் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு திருநின்றவூருக்கு ஓடியிருப்பேன். அபிஷேக் கிட்டாரை மேசையில் படுக்க வைத்தார்.

“நீங்களே தேய்ச்சுடுங்க.”

அவள் தேய்த்தாள். அவர் எடுத்து வாசித்துப் பார்த்தார். மறுபடி வாசித்தார். “அந்த இடத்துல ஒரு கரகரப்பு இருக்கும். என் கைதான் சரியில்லைன்னு இத்தனை நாளா நினைச்சுட்டு இருந்தேனுங்க,” என்றார்.

7

எழுதிக் கிழித்த முடிவுகள்:

ஏழைக் கிட்டார் வெல்கிறது, எல்லோரும் கைதட்டுகிறார்கள். [கைதட்ட அங்கே ஆள் ஏது?]

அபிஷேக் தன் கிட்டாரை அவளுக்கே கொடுத்துவிடுகிறார். [ஹெலினா இதைப் படித்தால் என்னோடு ஒரு வாரம் பேச மாட்டாள்.]

நடந்தது இது. அம்பத்தூர் ஸ்டுடியோவில் அபிஷேக் இரண்டு கிட்டாரையும் ஸ்டாண்டில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். “எது வேணுமோ எடுங்க. ரெண்டுமே இப்ப நீங்க சரி பண்ணதுதானுங்களே. ஓசி இல்லை.”

அவள் இரண்டையும் பார்த்தாள். ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டாள். முதல் டேக்கிலேயே முடிந்தது. பதிவு செய்தவர் எந்தக் கிட்டார் என்று கேட்கவில்லை. “இந்த பிட்டு யாரு போட்டது?” என்றுதான் கேட்டார்.

“நான்,” என்றாள் ஹெலினா.

எந்தக் கிட்டார் என்று ஸ்டுடியோவின் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். அவள் தோளில் எதை மாட்டுவது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். மாட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை அளந்து பாருங்கள்.