அடுத்த பாட்டு யாருக்கு

எங்கள் மதுக்கடையில் பாடி முடித்தவர்தான் அடுத்துப் பாடுபவரைக் கூப்பிட வேண்டும். கூப்பிடாமல் யாரும் வாய் திறப்பதில்லை. ஃபின்டன் டெவேனை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று மதியமும் அப்படித்தான். இறந்தவரின் அண்ணன் கோல்மன் கதவோரம் உட்கார்ந்திருந்தார். அவர் பாடிய கதைப்பாட்டுகள் ஒலிக்காத வீடு அயர்லாந்தில் கிடையாது.

தச்சர் பாடினார், தபால்காரர் பாடினார், பாதிரியார்கூட எதையோ கரகரத்தார். கோல்மனை ஒருவரும் கூப்பிடவில்லை. அவர் ஊருக்கு வரும்போதெல்லாம் கூப்பிடுவது ஃபின்டன்தான்.

கறுப்பு பியரை அவர் முன்னால் வைத்து, "நீங்களே ஆரம்பிங்களேன், கோல்மன். யாரு தடுக்கப் போறா?" என்றேன்.

"டிக்கெட் எடுத்தவங்க முன்னாடிதான் நானா எந்திரிச்சுப் பாடலாம், நுவாலா. இங்க கூப்பிடணும்."

எனக்குக் கோபம் வந்தது. நேரே தபால்காரரிடம் போய்க் கேட்டேன்.

"அவ்ளோ பெரிய ஆளைப் போய் ஓசியில பாடச் சொல்றதா? மரியாதை வேணாமா?" என்றார்.

அட மடையா, செத்தது அவருடைய தம்பி என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பக்கத்து வீட்டு ப்ரீஜ் பாடி முடித்து, கோல்மன் பக்கம் கை நீட்டினாள். அவர் கிளாஸைக் கீழே வைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு கண்ணை மூடினார்.

"நாற்காலியக் கொஞ்சம் நகத்துங்க, கோல்மன். உங்க பின்னால மூலையில இருக்கற டொனல் முன்னால வரணும். அடுத்து அவன்தான்," என்றாள் ப்ரீஜ்.

கோல்மன் கண்ணைத் திறந்து, நாற்காலியை நகர்த்தி வழிவிட்டார்.