இருபத்தாறு அங்குலம்

குளியலறைச் சுவரில் முதல் சம்மட்டி அடி விழுந்தபோது, அவள் கணவர் கட்டிலில் படுத்தபடியே, "அடி கோணலா விழுது" என்று கத்தினார். சத்தத்தை வைத்தே சொன்னார். நாற்பது வீடு கட்டியவர். சாரம் சரிந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போய் ஏழு மாதமாகியும், வாய் மட்டும் இன்னும் வேலை நடக்கும் இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது. கொத்தனாருக்கு அவர் 'இன்ஜினியர் சார்'. அவர் இன்ஜினியரிங் படித்தவரில்லை என்று யாரும் வாய்திறந்ததில்லை.

வேலை மொத்தமும் அவள் தலையில்தான். அலுவலகத்தில் நீண்ட விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு மணலுக்கும் சிமெண்டுக்கும் அலைந்தாள். இதோ வருகிறேன் என்று நாலு நாள் வராத பிளம்பரைப் போனில் கெஞ்சினாள். எந்த டைல்ஸ் வழுக்காது என்று கடையில் ஈரக்காலோடு ஏறி நின்று பார்த்தாள், கடைக்காரர் முறைத்தும் இறங்கவில்லை. இத்தனையும் ஒரே காரியத்துக்காக. அவர் யார் கையையும் எதிர்பாராமல் தானே சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு குளியலறைக்குப் போய்வர வேண்டும். அது நடந்தால் அவள் வேலைக்குத் திரும்பலாம். அவருக்கும் போன மானம் திரும்பும்.

கதவு நிலை வைக்கிற அன்று கொத்தனார் தலையைச் சொறிந்தார்.

"சார், இருபத்தாறு அங்குலம் போதுமா? இன்னும் நாலு விரக்கடை விட்டா நல்லது."

"நாற்காலி இருபத்தஞ்சு. அளந்துதான் சொல்றேன்."

"ஏங்க, அவரு சொல்றதையும் கொஞ்சம்..." என்று அவள் ஆரம்பித்தாள்.

"உனக்கு என்ன தெரியும்? போய் டீயப் போடு."

கொத்தனார் சாந்துக் கரணையைத் துடைக்கிற சாக்கில் குனிந்துகொண்டார்.

மத்தியானம் அவர் கண்ணயர்ந்ததும், அவளே அந்த நாற்காலியில் உட்கார்ந்து நிலைவரை உருட்டிப் பார்த்தாள். விரல் முட்டிகள் மரத்தில் நறுக்கென்று இடித்தன. நாற்காலியை அளந்த மனிதர் அதை உருட்டுகிற கைகளை அளக்கவில்லை. பூச்சு இன்னும் ஈரம், இப்போதே சொன்னால் அரை நாளில் மாற்றிவிடலாம். எழுப்பத்தான் போனாள். தூக்கத்திலும் புருவத்தை நெரித்துக்கொண்டு படுத்திருந்தார். இருபது வருடமாகக் கேட்ட 'உனக்கு என்ன தெரியும்' அத்தனையும் ஒருசேர அவள் நினைவுக்கு வந்தன. எனக்குத்தான் ஒன்றும் தெரியாதே என்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நாளைக்குச் சொல்லலாம் என்று தினமும் நினைத்தாள். டைல்ஸ் ஒட்டினார்கள், குழாய் வந்தது, பெயிண்டும் காய்ந்தது. இனி எந்த முகத்தோடு சொல்வது?

வேலை முடிந்த காலையில் அவர் சலவைச் சட்டை போட்டு, தலைவாரிக்கொண்டு, கொத்தனார் பார்த்து நிற்க, தானே உருட்டி வந்தார். இடித்தது. பின்னால் போய் வேகமாக வந்தார். விரல் முட்டியில் தோல் உரிந்தது.

"நீயாவது ஒரு தடவ உக்காந்து பாத்திருக்கலாம்ல?" என்றார். கண் உரிந்த விரல்களிலேயே இருந்தது.

"பாத்தேன்."

அவர் மெல்லத் திரும்பினார்.

"எப்போ?"

"நிலை வச்ச அன்னிக்கே."

கொத்தனார் சத்தமில்லாமல் வெளியே நழுவினார். ஜெயித்த திருப்தி ஒரு நொடிகூட அவளிடம் தங்கவில்லை. இதைத்தான் விரும்பினேனா என்று தன்னையே வெறுத்தாள்.

அவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் எடுத்து நிறுத்தினார். இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவள் பின்னால் போய்ப் பிடித்துத் தள்ளினாள். நாற்காலி எங்கும் இடிக்காமல், நூல் பிடித்தாற்போல் உள்ளே போயிற்று.