தளத்துக்கு எடுத்த பணம்

அப்பாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். அண்ணன் தங்கையைச் சமையலறைக்குள் அழைத்துப்போய்க் கதவை ஒருக்களித்துச் சாத்தினான். வெளியூரில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். காலையில் செய்தி கேட்டு ஓடி வந்தவன், அழுது ஓய்ந்ததும் கேட்டுவிட்டான்.

"ஓய்வுக் கணக்குப் பணத்தை எதுக்கு அபராதம் கட்டி எடுத்தீங்க? பொழைக்க மாட்டார்னு டாக்டர் எழுதிக் குடுத்தா அபராதமே கிடையாதே."

அவளுக்குத் தெரியாததல்ல.

அப்பா பிளம்பர். கூப்பிட்ட வீட்டுக்கெல்லாம் போய் ஒழுகலை அடைப்பவர். அன்றைக்கே அடைக்க முடியாவிட்டால், வாளியை வைத்து அதற்குள் ஒரு பழந்துணியையும் போட்டுவிட்டு வருவார். வீட்டுக்காரர்கள் தூங்க வேண்டுமே. மாதச் சம்பளம் இல்லாதவனுக்குப் பென்ஷன் யார் தருவார்கள் என்று, கல்யாணமான புதிதிலேயே அந்தக் கணக்கைத் தொடங்கினார். போடுகிற பணத்துக்கு அந்த வருஷம் வரி இல்லை. உள்ளே அது குட்டி போட்டாலும் எடுக்கும்வரை வரி இல்லை. ஆனால் அறுபது வயதுக்கு முன்னால் கை வைத்தால் வரியும் பிடிப்பார்கள், அதற்குமேல் அபராதமும் பிடிப்பார்கள். "நல்ல பூட்டு. இல்லேன்னா எப்பவோ தின்னு தீர்த்திருப்பேன்" என்று சிரிப்பார்.

அறுபதைத் தொடுவதற்குள் வயிற்றில் கட்டி வந்துவிட்டது. டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னார். அப்பாவிடம் அவள் புண் என்று சொல்லிவைத்தாள். மருந்துச் செலவு கழுத்தை நெரித்தது. அபராதம் இல்லாமல் எடுக்க வழி இருந்தது; ஆனால் இனிப் பிழைக்க மாட்டார் என்று டாக்டர் எழுதித் தரும் தாளின் கீழே, கணக்கு வைத்திருக்கும் அப்பாவே படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதை அவர் கையில் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"தளம் ஒழுகுதுப்பா. மொத்தமா போட்டுடலாம்" என்றாள். அதில் பாதி நிஜம். வாத்தியார் பிள்ளை மக்கு என்பதுபோல, பிளம்பர் படுக்கிற அறையின் தளம்தான் வருஷக்கணக்காக ஒழுகியது.

அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அபராதம் பிடிப்பாங்களேம்மா."

"பிடிச்சா பிடிக்கட்டும்பா."

மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். பணம் மருந்துக் கடைக்குப் போனது. தளத்துக்கு மிஞ்சியது ஒரு தார்ப்பாயும் அது பறக்காமலிருக்க நாலு செங்கல்லும்தான். வேலை முடிந்ததா என்று கேட்டார். முடிந்தது என்றாள்.

நேற்று இரவு நல்ல மழை. குட்டு வெளிப்பட்டுவிடுமோ என்று பக்கத்து அறையில் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தாள். ஒரு சொட்டுச் சத்தம்கூடக் கேட்கவில்லை. தார்ப்பாய் மானத்தைக் காப்பாற்றிவிட்டது என்று கண்ணயர்ந்தாள். விடிந்து பார்த்தபோது அவர் போயிருந்தார்.

"எனக்குத் தெரியலண்ணா" என்றாள் இப்போது.

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான். ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கக் கூடாதா என்றான். அப்பா எதுவும் தெரியாமல் போய்ச் சேர்ந்தார். அதற்குக் கொடுத்த விலை அந்த அபராதம். அவளுக்கு அதில் வருத்தமே இல்லை.

வருகிறவர்கள் உட்கார இடம் போதவில்லை என்று, அவர் அறையைக் காலி பண்ணப் போனாள். போர்வை கால்மாட்டிலிருந்து சுருட்டி ஒதுக்கப்பட்டிருந்தது. மெத்தையின் ஓரம் ஈரம். வாந்தி எடுக்கத் தலைமாட்டில் வைத்திருந்த பிளாஸ்டிக் வாளியைக் காணோம். குனிந்து பார்த்தாள். கால்மாட்டில், சுவரோரமாக இருந்தது.

பாதி வாளி தண்ணீர். அதற்குள் அவருடைய பழைய பனியன் மிதந்துகொண்டிருந்தது.

அவள் அப்படியே கட்டிலில் உட்கார்ந்தாள். கூடத்திலிருந்து அண்ணன் கூப்பிட்டான். மேலே தளத்தில் நீர் திரண்டு, தயங்கி, ஒரு சொட்டு விழுந்தது. பனியன்மேல் விழுந்ததால் சத்தம் கேட்கவில்லை.